அறுபத்து மூன்றாம் பக்கத்தில் திருமுல்லைவாயில்

புத்தகத்திலிருந்து தையல் மெஷின் எண்ணெய் வாசம் வருகிறது. இன்று காலை நெமிலிச்சேரி ஸ்டேஷனில் உன் மகள் இதை ஒரு மஞ்சள் பையில் வைத்துக் கொடுத்தாள். நீ இறந்து இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை. "அம்மா உங்ககிட்ட குடுக்கச் சொல்லிச்சு ஆன்ட்டி" என்றாள். பையைப் பிரித்துப் பார்த்தேன். நான் உனக்கு வாங்கித் தந்த புதுப் பிரதி. அட்டையிலிருந்து ஒரு நூல் தொங்கியது. அதன் முனையில் ஒரு கட்டைப் பென்சில். பென்சிலைப் பார்த்ததும் பையை மூடிவிட்டேன்.

அவள் உடனே கிளம்பவில்லை. "பழைய புக்கு உங்ககிட்டதான பத்திரமா கீது? அத ஒரு தபா பாத்துட்டுக் குடுத்துர்றேன் ஆன்ட்டி. அம்மா கையெழுத்துன்னு எங்க ஊட்ல வேற ஒண்ணுமே இல்ல. நான் பொறக்க வலி வந்த அன்னிக்கு, ரயில்ல வச்சே அம்பத்தூர்னு கோணலா எழுதிச்சாமே" என்றாள்.

"தேடி எடுத்து வைக்கிறேம்மா" என்றேன். உன்னிடம் எட்டு வருஷத்துக்கு முன்னால் சொன்ன பொய்யையே இன்று உன் மகளிடமும் சொன்னேன். வேலைக்குப் போகப் பிடிக்காமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வராததை இப்போது உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு நினைவிருக்கும், நாம் முதலில் பேசியதே சண்டையாகத்தான். சிவகங்கைப் பக்கத்திலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து, நெமிலிச்சேரியில் ஒரு ஃப்ளாட்டில் புதிதாகக் குடியேறியிருந்தேன். நீ இந்து காலேஜ் ஸ்டேஷனில் ஏறுவாய். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில், தைத்து முடித்த சட்டைகளைப் பார்த்துப் பிழை இருக்கும் இடத்தில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டும் வேலை உனக்கு. இரண்டு பேரும் பட்டரவாக்கத்தில் இறங்க வேண்டியவர்கள். லேடீஸ் பெட்டியில் பாதிப் பேர் பூக்கட்டிக்கொண்டும், பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டும் வருவார்கள். நீ மட்டும், அட்டை முதுகு பிய்ந்து தையல் நூலால் தைத்த ஒரு தடித்த நாவலைப் படித்துக்கொண்டு வருவாய். அன்றைக்கு அதன் ஓரத்தில் பென்சிலால் என்னவோ எழுத ஆரம்பித்தாய். எனக்குப் பொறுக்கவில்லை. நான் புத்தகத்துக்குப் பிளாஸ்டிக் அட்டை போட்டு, கை கழுவிவிட்டுத் தொடுகிற ரகம்.

"ஏங்க, புத்தகத்துல போய்க் கிறுக்கலாமா?" என்று கேட்டேன்.

"இன்னாம்மா, நீ போலீஸா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தாய். பிறகு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, 'திருமுல்லைவாயில்' என்று எழுதி முடித்துப் புத்தகத்தை மூடினாய்.

அடையாளத்துக்குப் பக்கத்தை மடிக்க மாட்டாய், சீட்டு வைக்க மாட்டாய். படிப்பதை எங்கே நிறுத்தினாயோ அந்த வரிக்கு நேராக ஸ்டேஷன் பெயரை எழுதுவாய், அவ்வளவுதான். பழகிய பிறகு விளக்கமும் சொன்னாய். "பட்டரவாக்கம்னு எழுதியிருந்தா அன்னிக்கு ஒண்ணும் நடக்கலைன்னு அர்த்தம்டி. ஒழுங்கா படிச்சு, ஒழுங்கா எறங்கிட்டேன். வேற எதுனா எழுதியிருந்தாதான் கதையே." அண்ணனூர் என்று ஒரு பக்கத்தில் இருந்தது, பணிமனைக்கு முன்னால் ரயில் நின்றிருந்தபோது உன் அம்மாவுக்கு முடியவில்லை என்று போன் வந்த நாள். ஆவடி என்று ஒன்று, உன் வீட்டுக்காரரோடு கோபித்துக்கொண்டு பாதியில் இறங்கித் திரும்பிப் போன நாள். கல்யாணத்துக்கு முன்னால் ஆவடி மார்க்கெட் நடைபாதையில் வாங்கிய புத்தகம். ஆறு முறை முடித்திருந்தாய், ஏழாவது முறை ஓடிக்கொண்டிருந்தது. சில பக்கங்களில் நாலைந்து ஸ்டேஷன்கள் ஒன்றின்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டிருந்தன.

வேறு புத்தகம் படியேன் என்று நான் எத்தனையோ கொண்டுவந்து கொடுத்தேன். மரியாதைக்குப் பத்துப் பக்கம் புரட்டிவிட்டுத் திருப்பித் தந்துவிடுவாய். உன்னுடைய நாவலில் ஒரு குடும்பம் கிணறு வெட்டுகிறது. முந்நூற்றுச் சொச்சம் பக்கமும் வெட்டுகிறார்கள். கடைசியில்தான் தண்ணீர் வருகிறது. "முடிவு தெரிஞ்ச கதையை என்னத்துக்கு மறுபடி மறுபடி படிக்கிற?" என்று கேட்டேன். "தண்ணி வரும்னு எனக்குத் தெரியும். ஆனா ஒவ்வொரு தபாவும் அந்த எடம் வர்றப்போ, இந்த வாட்டி வராம பூட்டா இன்னா பண்றதுன்னு பயமா கீது. வந்துட்டா, அன்னிக்கு மொத்தம் எனக்கு நல்லா ஓடும்" என்றாய். வருஷத்துக்கு நாற்பது புத்தகம் படிக்கிறேன் என்று பெருமையடித்துக்கொண்டிருந்த எனக்கு, அப்படிப் பயந்து படித்த ஒரு புத்தகம்கூட இருந்ததில்லை. அதை உன்னிடம் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் அதைக் கடன் கேட்டேன். நீ கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் கொடுத்தாய். பாதி வரை படித்தேன், பிடித்திருந்தது. ஆனால் ஓரமெல்லாம் பென்சில், நடுவில் குழம்புக் கறை, கையில் எண்ணெய் வாசம். அந்த ஞாயிற்றுக்கிழமை புத்தகக் கண்காட்சியில் அதே நாவல் புதிதாக அச்சிட்டு அடுக்கியிருந்தது. உனக்கு ஒன்று வாங்கினேன். மறுநாள் காலை ஃப்ளாட்டுக்குப் பழைய பேப்பர்காரர் வந்தார். கட்டிவைத்த செய்தித்தாள்களுக்கு மேல் உன் புத்தகத்தையும் வைத்துக் கொடுத்தேன். கை தவறிப் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ள முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். தெரிந்துதான் கொடுத்தேன். உனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, சந்தோஷமாகவே கொடுத்தேன்.

ரயிலில் புதுப் பிரதியை நீட்டினேன். நீ தடவிப் பார்த்தாய், முகர்ந்து பார்த்தாய். "புச்சு. நல்லா கீது" என்றாய். உன் முகம் மலர்ந்தது உண்மை. பிறகு, "பழசு?" என்று கேட்டாய்.

கேட்ட விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. "வீட்ல இருக்கு, பத்திரமா" என்றேன்.

"செரி. அவசரம் இல்ல. மெதுவா எடுத்துகினு வா."

சாயங்காலம் பேப்பர்க் கடைக்கு ஓடினேன். "மத்தியானமே லோடு பூட்ச்சுக்கா" என்றார் கடைக்காரர். அடுத்த இரண்டு மாதத்தில் நீ மூன்று தடவை கேட்டாய். மூன்று தடவையும் மறந்துவிட்டேன் என்றேன். நாலாவது தடவை நீ கேட்கவில்லை. அதற்குள் எங்கள் கம்பெனியில் வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை என்று ஆனது. மீதி நாளில் முந்தின ரயிலைப் பிடித்தேன். உன்னிடமிருந்து தப்பிக்கத்தான் பிடித்தேன்.

உனக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனதையே ஐந்தாறு மாதம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன். இரண்டே தடவைதான் வந்து பார்த்தேன். இரண்டாம் தடவை நான் உள்ளே நுழைந்தபோது நீ எதையோ எழுதிக்கொண்டிருந்தாய். என்னைக் கண்டதும் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டாய். புதுப் பிரதியின் அட்டை தெரிந்தது. படிக்கிறாய் என்று எனக்குள் ஒரு நிம்மதி. "முடிச்சிட்டியா?" என்று கேட்டேன். "எங்கடி? தண்ணி இன்னும் வரல" என்று சிரித்தாய். அன்றாவது சொல்லியிருக்கலாம். ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இன்று மத்தியானம்தான் பையை மறுபடி திறந்தேன். முதல் அத்தியாயத்தில், நான்காம் பக்கத்து ஓரத்தில் 'பட்டரவாக்கம்'. ஒன்பதில் 'பட்டரவாக்கம்'. பதினேழில் 'ஆவடி'. நாற்பத்தொன்றில் 'அண்ணனூர்'. கை நடுங்கி எழுதிய எழுத்து. பல இடங்களில் அழித்துவிட்டு வேறு வரிக்கு நேராக மாற்றி எழுதியிருக்கிறாய். முதலில் எனக்குப் புரியவில்லை. படுக்கையில் இருந்தவளுக்கு ஸ்டேஷன் ஏது? பிறகு புரிந்தது. பழைய புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று யோசித்து யோசித்து, ஒவ்வொன்றாக இதில் எழுதிப் பார்த்திருக்கிறாய். பழையது என்னிடம் பத்திரமாக இருப்பதாக நம்பியிருந்தால் உனக்கு ஏன் இந்த வேலை? அது போய்விட்டது என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் உன் மகளிடம், அது என்னிடம் பத்திரமாக இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறாய்.

அறுபத்து மூன்றாம் பக்கத்தில் 'திருமுல்லைவாயில்' என்று இருக்கிறது. நான் உன்னோடு முதன்முதலாகச் சண்டை போட்ட நாள். அதற்குக் கீழே பொடி எழுத்தில், 'இதுக்கு மேல ஞாபகம் இல்ல.'

உன் மகள் சொன்ன அம்பத்தூரைத் தேடிக் கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். எங்கேயும் இல்லை. மிச்சமிருந்த முந்நூறு பக்கமும், எனக்குப் பிடித்த மாதிரியே, ஒரு கறை இல்லாமல் சுத்தமாக இருந்தன. உட்கார்ந்து அழுதேன்.

பிறகு உன் மகளுக்குப் போன் செய்தேன். "பழைய புத்தகம் என்கிட்ட இல்லம்மா. பேப்பர்காரர்கிட்ட போட்டுட்டேன். நான்தான் போட்டேன்" என்றேன். அவள் பக்கத்தில் ரயில் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அம்மாக்குத் தெரியுமா ஆன்ட்டி?"

"தெரியும்."

"அப்ப ஏன் உங்ககிட்ட கீதுன்னு சொல்லிக்கினே இருந்துச்சு?"

நாளைக் காலை அதே ரயிலுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வருவாளோ, மாட்டாளோ. வந்தால் இந்தப் புத்தகத்தை அவளிடமே கொடுத்துவிடுவேன். நீ எனக்குக் கொடுத்ததுதான், ஆனாலும் அறுபத்து மூன்று பக்கத்து உன் எழுத்து அவள் வீட்டில்தான் இருக்க வேண்டும். எனக்கு என் அலமாரி இருக்கிறது. அட்டை போட்ட புத்தகங்கள் அதில் நானூறு இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எதைப் படித்த அன்று நான் எங்கே இருந்தேன், யார் என்னோடு பேசினார்கள் என்று ஒரு புத்தகமும் சொல்ல மாட்டேன் என்கிறது.