நான் மறைத்த சான்றிதழ்

அன்புள்ள கீர்த்திக்கு,

நிக்டி நகர்ப்பகுதியில் வசிக்கும் வழக்கறிஞரும் உன் தந்தையுமான நான், முழு நினைவோடு எழுதிக் கொடுப்பது:

பிரெஞ்சுத் தேர்விலிருந்து விலக்குக் கேட்டாய். பள்ளிக்காலச் சான்றிதழ் இல்லையென்று கல்லூரி மறுத்தது. சான்றிதழ் இருந்தது. ஏழாம் வகுப்பிலேயே உனக்கு டிஸ்லெக்ஸியா, அதாவது எழுத்துகளை வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம், என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். பிற்பாடு உன் கல்யாணப் பேச்சுக்குக் குறுக்கே வருமென்று அஞ்சி, அதை வழக்குக் கட்டுகளுக்குள் மறைத்தவன் நான்.

நீ தவறிய அந்தத் தேர்வைத் திங்கட்கிழமை மறுபடி எழுதுவாய் என்று என்னிடம் உறுதிக் கடிதம் கேட்டார் கல்லூரி முதல்வர். தர மறுத்துவிட்டேன். சான்றிதழோடு, நான் மறைத்ததையும் பிரமாணப் பத்திரமாக அவரிடம் கொடுத்திருக்கிறேன். "ஊர் சிரிச்சா சிரிக்கட்டும், குடுங்க" என்றாள் உன் அம்மா.

திங்கட்கிழமை நீ தேர்வெழுதப் போகாதே. கல்லூரி மறுத்தால் நீதிமன்றம் போவேன்.

என்னை மன்னிக்கும்படி இதில் எங்கும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா

சாட்சிகள்:
வனஜா (உன் அம்மா)
முரளி (உன் மாமா)