மணி அடிக்காத முதல் லைன்

ஐப்பசி 6, வியாழன்
காலையில் தூறல். விதைத்த மிளகாய்க்கு இது போதும். அடித்துப் பெய்தால் அவ்வளவும் கரைந்துவிடும்.

பத்து மணிக்கு இன்டர்நெட்காரர்கள் இரண்டு பேர். கம்பத்து போன் இனிமேல் கிடையாதாம், எல்லாம் ஃபைபராம். சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி. என் மொபைல் போக, வீட்டில் இருப்பது ஒரே போன், இரண்டு லைன். லை.1 வீட்டுப் பழைய நம்பர், லை.2 மிளகாய் யாவாரத்துக்கு.

“ரெண்டும் நெட்டுலயே வந்துரும்ணே, நம்பர் மாறாது.”

மாறவில்லைதான். லை.2 பேசுகிறது. லை.1 ஊமை. டயல்டோன் இல்லை, இரைச்சல்கூட இல்லை. “நாளைக்கு வாரோம்ணே” என்று போய்விட்டார்கள். எந்த நாளைக்கு என்று கேட்காதது என் தப்பு.

ஐப்பசி 7, வெள்ளி
மேகம், மழை இல்லை. அவர்களும் இல்லை. புகார் பதிவாகிவிட்டதாம், ஒரு மிஷின் சொன்னது.

இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை, எழுதிவிடலாம். செல்வி அவள் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கொண்டு போய் நாலு வருஷம். பெற்ற மகளைத் தலைமுழுகினேன். அதோடு விட்டேனா? ப.-வை (பஞ்சவர்ணம், என் வீட்டுக்காரி) அய்யனார் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சூடம் அடித்துச் சத்தியம் வாங்கினேன். மகளுக்குப் போன் போடமாட்டேன், நம்பர் வைத்துக்கொள்ளமாட்டேன். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்தாள். கை சிவந்திருந்தது.

வருகிற போனை எடுக்கக்கூடாது என்று சொல்ல மறந்தேன். மறந்தேன் என்றே இருக்கட்டும்.

வெள்ளிதோறும் பதினொன்றரைக்கு லை.1 அடிக்கும். நான் எடுத்தால் கட்டாகிவிடும். அதனால் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கே எனக்குப் புஞ்சையில் வேலை வந்துவிடும். திரும்பி வந்தால் ப. முகம் கழுவியிருப்பாள். யாரு போன்ல? “ராங் நம்பருங்க.” நாலு வருஷமாக ராங் நம்பர்.

இன்றும் போய்விட்டு வந்தேன். உலை வைக்காமல் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

“அடிக்கவே இல்லீக.”

யார் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஐப்பசி 8, சனி
பார்த்தவை: போனில் செருகுகிற ஒயர் (புதுசு, முதுகுளத்தூரில் வாங்கியது) – பயனில்லை. போனை நேராக வெள்ளைப் பெட்டியில் செருகினால் லை.1 பேசுகிறது! சுவரில் இருக்கிற பழைய போன் பெட்டி வழியாக வந்தால் ஊமை. அதில் சிவப்பு–பச்சை ஒயர் லை.1, மஞ்சள்–கறுப்பு லை.2. மாற்றிப் போட்டுப் பார்த்தேன். லை.2 செத்து லை.1 பிழைத்தது. ஆக, போன் நல்ல போன். கோளாறு பழைய பெட்டியில், சிவப்பு–பச்சையில்.

ப. டார்ச் பிடித்தாள். “இதுல எனக்கு என்ன தெரியும், நீங்க பாருங்க” என்றாள். ஆனால் டார்ச் ஆடவே இல்லை.

மழை வலுத்தது. புஞ்சையில் தண்ணீர் நிற்கிறது. போய்ப் பார்க்கவில்லை.

ஐப்பசி 10, திங்கள்
பிடித்துவிட்டேன். கம்பத்திலிருந்து வந்த பழைய ஒயரைக் கழற்றாமல் அதன் மேலேயே புதுசையும் முறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள், புண்ணியவான்கள். வெளியே அறுந்து தண்ணீரில் கிடக்கும் ஒயர், உள்ளே வருவதையெல்லாம் தின்றுகொண்டிருந்தது. இரண்டு திருகு தளர்த்தி வெளி ஒயரைப் பிரித்தேன். டயல்டோன். கோயில் மணி மாதிரி இருந்தது, பொய் சொல்லவில்லை.

மொபைலில் அவர்கள் ஏற்றிக்கொடுத்த ஆப்பில் லை.1-க்கு வந்த அழைப்பெல்லாம் இருக்கிறது. வெள்ளி 11.32, 11.40, 12.05. ஒரே நம்பர். இங்கே அடிக்கவில்லை, அவளுக்கு அங்கே அடித்திருக்கிறது. யாரும் எடுக்கவில்லை என்று நினைத்திருப்பாள்.

ப.-விடம் நீட்டினேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

“காட்டாதீக. சூடத்தை அணைச்சிருக்கேன்.”

நான் வாங்கிய சத்தியம்.

ஐப்பசி 11, செவ்வாய்
வெயில். ப. களையெடுக்கப் போனாள். சத்தியம் பண்ணியது அவள்தானே, நான் இல்லையே. லை.1-லிருந்து போட்டேன். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தாள்.

“அம்மா? நீயா போடுற? அய்யாவுக்கு ஏதும் ஆயிருச்சா?”

சொல்ல நினைத்தது: ஒன்றும் ஆகவில்லை ஆத்தா, வீட்டுக்கு வா. வாயில் வந்தது: “நாந்தேன் பேசுறேன்.” அதுவும் ஆள் விரட்டுகிற குரலில். எனக்கு வேறு குரல் இல்லை.

மூச்சுச் சத்தம். பின்னால் ஒரு பிள்ளை அழுதது. கட்.

மறுபடி போட்டேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது. சாயந்திரம் வரைக்கும் அதுதான். அம்மா மாட்டிக்கொண்டாள் என்று பயந்திருப்பாள். நான் அடிப்பேன் என்றுகூட நினைத்திருப்பாள். நினைக்கக்கூடியவள்தான், என்னைப் பார்த்து வளர்ந்தவள்.

ப.-விடம் சொல்லவில்லை. பிள்ளை அழுததையும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியுமோ என்னவோ.

ஐப்பசி 14, வெள்ளி
அந்த நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லையாம். புதன், வியாழன், இன்று காலை, எல்லாம் அதே பெண் குரல்.

பதினோரு மணிக்குப் புஞ்சைக்குப் போனேன். பாதி விதை கரைந்துவிட்டது. வரப்பிலேயே உட்கார்ந்திருந்து ஒரு மணிக்கு வந்தேன். ப. போன் பக்கத்தில். ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்க்கிறாள், வைக்கிறாள், மறுபடி தூக்குகிறாள்.

“சத்தம் வருதுங்க. ஆனா அடிக்கல. ஒயர்ல இன்னும் கோளாறு இருக்குமோ?”

“இருக்கும்” என்றேன். திருப்புளியை எடுத்து, நன்றாக இருக்கிற பெட்டியைக் கழற்றினேன். ப. டார்ச் பிடித்தாள்.