வசந்தாவுக்கு ஒரு மரத்தளம்

செப். 6, சனி

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. மோட்டார் போட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர். கத்தரிக்கு ஊற்றும்போது சமையலறை ஜன்னலிலிருந்து வசந்தாவின் குரல்.

"ஏங்க, இலை மேல ஊத்தாதீங்க. வேர்ல ஊத்துங்க."

"வேர்லதான் ஊத்தறேன்."

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. கால்தான் இல்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜூனில் இரும்புலியூர் பக்கம் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தாள். வலது தொடை எலும்பு முறிவு, உள்ளே கம்பி. வீட்டுக்குள் வாக்கர் பிடித்து நடக்கிறாள். பின்வாசலில் மூன்று படி; படி இறங்கக் கூடாது என்று டாக்டர். அவள் வைத்து வளர்த்த தோட்டத்தை அவளே ஜன்னல் கம்பி வழியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. ரிடையர் ஆகி வீட்டில் இருக்கும் நான்தான் இப்போது தோட்டக்காரன். இதுவரை என் கையால் செத்தவை: மிளகாய் நாற்று, ஒரு ரோஜா, புதினா முழுவதும். புதினாவைச் சாகடிக்கத் தனித் திறமை வேண்டுமாம்.

மாலை ஒரு யோசனை. பின்வாசலை ஒட்டி, வீட்டுத் தரை மட்டத்துக்கே மரத்தில் ஒரு தளம். படியே இல்லாமல் வாக்கரோடு வெளியே வந்துவிடலாம். வ.வின் தம்பி குமாருக்கு போன். கூடுவாஞ்சேரியில் கிரில் பட்டறை வைத்திருக்கிறான்.

"பண்ணிக்கலாம் மாமா. பைப்புல ஃப்ரேம் அட்ச்சி மேல பலகை போட்ரலாம். அக்கா கைல சொல்ட்டியா?"

அப்புறம்தான் சொன்னேன். "சரி" என்றாள். சந்தோஷம்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

செப். 7, ஞாயிறு

குமாரின் குட்டியானை வண்டியில் படப்பைக்குப் போனோம். கம்பெனிகளுக்கு மெஷின் வந்து இறங்கும் மரப்பெட்டிகளைப் பிரித்து விற்கிற கடை. நல்ல கனமான பலகைகள். குமார் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தான்.

"இன்னாடா மாப்ள, மல்லிப்பூவா வாங்கறோம்?"

"ஈரம் கீதான்னு பாக்கறேன் மாமா. ஈரப் பலகைய போட்டா நாளைக்கு வளைஞ்சிக்கும்."

வாங்க வேண்டியவை: ஸ்க்ரூ, உப்புத்தாள், கரையான் மருந்து, வ.வுக்குக் கால்சியம் மாத்திரை, எனக்கு மைசூர்பாகு.

மதியம் தளத்துக்குக் கால் ஊன்றக் குழி தோண்டியதில் கொத்தமல்லிப் பாத்தி போயிற்று. ஜன்னலில் ஆள் இல்லை என்று நினைத்து மண்ணைத் தள்ளி மூடினேன்.

"போவட்டும் விடுங்க" என்று உள்ளேயிருந்து குரல்.

செப். 10, புதன்

காலை ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே. எலும்பு சேர வேண்டிய அளவுக்குச் சேரவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம். சேரலன்னா மறுபடி ஒரு ஆபரேஷன் பண்ண வேண்டியிருக்கும்" என்றார் டாக்டர். வலது காலில் முழு எடையும் வைக்கவே கூடாது.

ஆட்டோவில் வ. என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரும்வரை விடவில்லை. ரயில்வே கேட் பக்கம் நின்றபோது என்னவோ சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டாள். நானும் கேட்கவில்லை. கேட்டால் இரண்டு பேரும் அழுதுவிடுவோம், டிரைவர் பாவம்.

வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வி: "அவரைக் கொடி பூ வெச்சிருக்கா?"

போய்ப் பார்த்துவிட்டு வந்து, வைத்திருக்கிறது என்றேன்.

"என்ன கலரு?"

மறுபடி போனேன். ஊதா.

சாயங்காலம் இடியோடு நல்ல மழை. குமார் அதற்குள் ஃப்ரேமைப் பற்றவைத்து முடித்துவிட்டான்.

செப். 13, சனி

பலகை அடித்தாயிற்று. கைப்பிடிக் கம்பியும் வைத்தாயிற்று. விரலில் இரண்டு கொப்புளம், பெருமையாக இருக்கிறது. வ.வை வாக்கரோடு மெதுவாக வெளியே அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தோம். மூன்று மாதத்துக்குப் பிறகு தோட்டத்துக் காற்று. காபி கொண்டு வந்து கொடுத்தேன்.

கம்பிக்கு மேலே எட்டிக் கீழே பார்த்தாள். "நல்லாருக்கு" என்றாள். காபி ஆறும்வரை கூட இருக்கவில்லை. "உள்ள போலாங்க."

குமார் கிளம்பும்போது: "அக்கா மூஞ்சே செரியில்ல மாமா."

எனக்குக் கோபம். இவ்வளவு செய்தும் ஒரு நல்ல வார்த்தை இல்லையே. சாப்பிடும்போது கேட்டே விட்டேன். என்னதான் குறை?

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இவ்ளோ நாளு ஜன்னல்லேர்ந்து பாத்தேன். இப்ப மேல உக்காந்து பாக்கறேன். மாடியில நின்னு அடுத்த வூட்டுத் தோட்டத்தப் பாக்கற மாதிரி இருக்குங்க. எனக்குப் பாக்க வேணாம். மண்ணுல கை வெக்கணும்."

அவளுக்காகக் கட்டுகிறேன் என்று அத்தனை பேரிடமும் சொன்னேன். எப்படி வேண்டும் என்று அவளிடம் கேட்கவில்லை.

ரசம் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். அதோடு கோபம் போயிற்று.

செப். 14, ஞாயிறு

தூறல். தொட்டிகளில் மண் போட்டுத் தளத்தின் மேலேயே வைத்துவிடலாமே என்றேன்.

"தொட்டி வேறங்க, தரை வேற."

சாக்பீஸ் கேட்டாள். சமையலறைத் தரையில், நாற்காலியிலிருந்து குனிந்து, படம் போட்டாள். பாதித் தளம் இப்படியே இருக்கட்டும். மறு பாதியை இறக்கி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பாத்தியை ஒட்டி. இரண்டுக்கும் நடுவே படி இல்லாமல் நீளமான சாய்வு. விளிம்பில் உட்கார்ந்தால் கால் மண்ணில் பட வேண்டும், கை செடிக்கு எட்ட வேண்டும்.

குமார் படத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லக்கா?"

"யாரு கேட்டீங்க?"

இரண்டு பேரும் ஸ்க்ரூ கழற்றப் போனோம்.

செப். 17, புதன்

பலகை கழற்றல், அறுத்தல், மறுபடி அடித்தல். குமார் பட்டறையை மூடிவிட்டு ஆறு மணிக்குத்தான் வருகிறான். வ. மேல் தளத்தில் உட்கார்ந்து மேஸ்திரி வேலை. "சரிவு ஜாஸ்தி. வாக்கர் ஓடிடும்." பைப்பை அறுத்து மறுபடி பற்றவைத்தோம். இன்று அவள் காபியை முழுசாகக் குடித்தாள்.

முதுகு வலி. தைலம் தேய்த்துவிட்டாள்.

செப். 20, சனி

மப்பும் மந்தாரமும். சாய்வு நேற்றே முடிந்தது. இன்று பிசியோதெரபிப் பெண் வந்து பார்த்து, கூட ஒரு ஆள் பிடித்துக்கொண்டால் வ. அதில் இறங்கலாம் என்றாள். கூட ஒரு ஆள். வ. தலையாட்டினாள்.

மதியம் அவள் தூங்குகிறாள் என்று பெயின்ட் கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் கட்டில் காலி. பின்வாசல் திறந்திருக்கிறது. கீழ்த் தளத்தின் ஓரத்தில் வாக்கர் மட்டும் தனியாக. டப்பாவைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அவரைப் பந்தலுக்குக் கீழே, மண்ணில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நைட்டி முழுக்கச் சேறு. பக்கத்தில் பிடுங்கிய கோரைப்புல் ஒரு குவியல்.

"விழுந்துட்டியா?"

"விழல. ஓரத்துல உக்காந்தேன். அங்கேர்ந்து உக்காந்தபடியே நகந்து வந்தேன். கால்ல வெயிட்டே வெக்கல, சத்தியமா."

கத்த வேண்டும் என்றுதான் வந்தது. முகத்தைப் பார்த்தேன். மூக்கு நுனியில் சேறு. ஜூனுக்குப் பிறகு இந்த முகத்தை நான் பார்க்கவில்லை. கத்தவில்லை.

"சரி, எந்திரி."

"அதாங்க தெரியல."

இரண்டு பேருக்கும் சிரிப்பு. அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தேன். என் முதுகு ஒத்துழைக்கவில்லை. அவள் காலுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று விட்டுவிட்டேன். குமாருக்கு போன். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கேட் மாட்டிக்கொண்டிருக்கிறானாம், வர நேரமாகும் மாமா என்றான்.

வேறு வழி இல்லாமல் நானும் பக்கத்தில் உட்கார்ந்து கோரை பிடுங்கினேன். கையில் தட்டினாள். "அது முள்ளங்கி."

தூறல் ஆரம்பித்தது. குடை எடுத்து வரட்டுமா என்றேன், வேண்டாம் என்றாள். குமார் மறுபடி கூப்பிட்டான், கிளம்பிவிட்டேன், வேகமாக வருகிறேன் என்று. போனை என் கையிலிருந்து வாங்கி அவளே பேசினாள்.

"அவசரமில்லடா. மெதுவா வா."