குளியலறைக் கதவின் தாழ்ப்பாள்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே நான் நலம். உங்கள் முதுகுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் ஊர் திரும்பி நான்கு மாதம் ஆகிறது, ஒரு வரிகூட வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை.

மரவேலையில் ஒரு யோசனை வேண்டும். குளியலறைக் கதவு அன்று நீங்கள் உடைத்துத் திறந்தபடியே இருக்கிறது. கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை, நிலைதான் பிளந்திருக்கிறது. தாழ்ப்பாள் போய் நுழையும் இரும்புப் பட்டை பெயர்ந்த இடத்தில் அடிக்கோல் வைத்து அளந்தேன். விரிசல் பதினான்கு சென்டிமீட்டர் நீளம். பேனா நிப் நுழையும் அகலம்.

பத்திரிகையில் வீட்டுப் பழுது பற்றி எழுதுகிறவர், திருகாணி ஆடினால் துளையில் தீக்குச்சியும் பசையும் வைத்து இறுக்கச் சொல்லியிருந்தார். அப்படியே செய்தேன். அவர் சொன்ன ஒரு நாள் முழுவதும் காய விட்டேன். திருகாணி பிடித்தது, ஆனால் இறுக்க இறுக்க விரிசல் வாய் திறக்கிறது. பசையை முதலில் விரிசலுக்குள் விட வேண்டுமா? காயும் வரை எதை வைத்து நெருக்குவது?

இரும்புச் சாமான் கடைக்காரரிடம் விரிசலை விவரித்துக் கேட்டேன். "ஏம்மா, கடப்பாரையால நெம்பினாத்தான் நிலை இப்படிப் பிளக்கும். யார் வேலை இது?" என்றார். ஈரத்தில் பிளந்துவிட்டது என்றேன். "அப்பா, எவ்வளவு கோபக்கார ஈரம்!" என்று சிரித்தார். பன்னிரண்டு வருடம் கான்வென்ட் சிஸ்டர்களிடம் படித்தவள் நான், பொய் ஒழுங்காக வரவில்லை. ஆசாரி வந்தால் அவரும் கேட்பார். அதனால் கூப்பிடவில்லை. இப்போது கதவுக்கு முட்டாக ஒரு வாளி நிறையத் தண்ணீர் வைத்துவிட்டுக் குளிக்கிறேன்.

உங்கள் அண்ணனை அடக்கம் செய்த அன்று, வந்தவர்களிடமெல்லாம் "நான்தான் தாமதம் பண்ணிட்டேன், உடனே உடைச்சிருக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அது சரியல்ல.

அண்ணன் கதவைத் திறக்கவில்லை என்றதும் நீங்கள் மாடியிலிருந்து இறங்கி வந்து உடனே கடப்பாரையை நிலையில் வைத்துவிட்டீர்கள். நான்தான் உங்கள் கையைப் பிடித்தேன். நல்ல மரம், பாழாகிவிடும், ஆசாரி வந்து பக்குவமாகத் திறக்கட்டும் என்றேன். தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறதே, குளித்துக்கொண்டிருப்பார் என்றும் சொன்னேன். "விடுங்க அண்ணி, விடுங்க" என்றீர்கள். இருபது நிமிடம் விடவில்லை. கடிகாரம் எனக்கு எதிரில்தான் இருந்தது. முன்பே திறந்திருந்தாலும் பயனில்லை என்றார் டாக்டர். நல்ல மனிதர். எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொல்வார் என்று நினைக்கிறேன்.

இதை உங்கள் மனைவிக்கும் படித்துக் காட்டுங்கள். எனக்கு அழுகை வரவில்லை. அன்றும் வரவில்லை, இன்றும் இல்லை. சமைக்கிறேன், துணி மடிக்கிறேன்.

கடைக்காரர் ஒரு புதுவகைத் தாழ்ப்பாள் காட்டினார். உள்ளே போட்டிருந்தாலும் வெளியிலிருந்து ஒரு நாணயத்தை வைத்துத் திருகித் திறக்கலாமாம். வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு அதுதான் நல்லது என்கிறார். வாங்கவா? வெளியே நின்று திருக இந்த வீட்டில் ஆள் இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

பதில் எழுதினால் போதும். வர முடிந்தால் கருவி எதுவும் கொண்டுவர வேண்டாம், அண்ணனுடைய பெட்டி இருக்கிறது. மாடி அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன். நீங்களும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அண்ணி