விலை குறைந்த மையச் செயலி

ஏறாவூர்
04.07.2024

கண்ணியத்திற்குரிய கணவர் ஹமீட் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கள் மின்னஞ்சல் கிடைத்து ஒன்பது நாட்கள் சென்ற பின்னரே பதில் வரைகின்றேன். தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும். ஆராயாமல் எழுதுவது என் வழக்கமன்று. தொலைபேசியில் சொன்னால் “ஓம், ஓம்” என்பதோடு தாங்கள் முடித்துவிடுகிறீர்கள். ஆகவே எழுத்தில் தருகிறேன்.

தாங்கள் முன்னர் அனுப்பிய மதர்போர்டும் மற்றவையும் கணினிப் பெட்டிக்குள் பொருத்தியாயிற்று. எஞ்சியிருப்பது மையச் செயலி, அதாவது புரொசெஸர், ஒன்றே. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பல தளங்களை வாசித்தேன். புத்தம் புதிய தலைமுறை வேண்டாம். நான் போடவிருக்கும் இலவச இயங்குதளமான லினக்ஸ் அவற்றோடு ஒத்துப்போகச் சில மாதங்கள் எடுக்கும். இரண்டு தலைமுறை பழையது, ஆறு கரு உடையது, நமக்குப் போதும். மாதிரி எண்ணைத் தனியாக இணைத்துள்ளேன். அதே வேகமுடைய மற்றொன்றைவிட இதன் விலை கணிசமாகக் குறைவு. வேறெதனையும் வாங்க வேண்டாம். எதிர்வீட்டு றிப்ஷான் நாளை மறுநாள் விடுமுறையில் அங்கிருந்து ஊருக்குப் புறப்படுகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புங்கள்.

விண்டோஸின் திருட்டுப் பிரதியைப் போட்டுத் தருவதாகச் சிலர் சொன்னார்கள். அதில் உழைக்கும் காசில் இறைவனின் பரக்கத் இராது என்று மறுத்துவிட்டேன்.

நகரத்துப் பதிப்பகத்தார் பாடநூல் வடிவமைப்புக்காக நாற்பது பக்கங்களைப் பரீட்சார்த்தமாகத் தந்துள்ளனர். 18ஆம் திகதி ஒப்படைக்க வேண்டும். அவ்வேலை எனக்கு நிலைத்தால், 21ஆம் திகதி தாங்கள் டோஹாவில் இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திடத் தேவையில்லை.

உம்மா எட்டிப் பார்த்து, “என்னகா, மருமகனுக்கு நீ எழுதுறது காயிதமா, சாமான் ஓடரா?” என்கிறார்.

தங்கள் மனைவி,
பரீனா

டோஹா
05.07.2024

அன்புள்ள பரீனா,

வஅலைக்குமுஸ்ஸலாம். எங்கள் கடையிலேயே நீ சொன்ன அதே எண் இருந்தது. வாங்கி றிப்ஷானிடம் கொடுத்துவிட்டேன். “என்ன மச்சான், நாலு வருசம் கழிச்சு பரீனா ராத்தாவுக்கு இந்தச் சின்னப் பொட்டிதானா? ஒரு சென்ட் போத்தலாவது வைங்களன்” என்று சிரித்தான். வைத்திருக்கிறேன்.

இன்னொரு புரொசெஸரையும் எடுத்துப் பார்த்தேன். நீ ஆராய்ந்து முடித்துவிட்டாய், அதனால் திருப்பி வைத்துவிட்டேன்.

உன் தலையிடி எப்படி? கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடு.

ஹமீட்

ஏறாவூர்
13.07.2024

கண்ணியத்திற்குரிய கணவர் அவர்களுக்கு,

சென்ட் கிடைத்தது. நன்றி.

மையச் செயலியைப் பொருத்தினேன். விசிறி சுழல்கிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பாகவே நிற்கிறது. மூன்று நாட்கள் கழற்றிப் பூட்டினேன். இன்று பெட்டியைத் துவாயில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கல்லடிக்குப் போனேன். அங்கே கணினி திருத்தும் தேனுஜன் ஒரு நிமிடம்தான் பார்த்தார்.

“அக்கா, சாமானில பிழை ஒண்டும் இல்ல. இதுக்குள்ள படம் காட்டுற பகுதியே இல்ல. தனியா ஒரு கார்ட் போட்டாத்தான் திரை வரும். அதாலதான் விலை குறைவு. ஆர் இத எடுத்த?”

ஏதோ மறுமொழி சொல்லிவிட்டு வந்தேன். அவரிடமிருந்த கார்ட்களெல்லாம் விற்றுப்போயினவாம். எங்காவது தேடிப் பார்க்கிறேன் என்றார். இன்னும் ஐந்து நாட்களே உள்ளன. நாற்பது பக்கங்களில் ஒன்றுகூடத் தொடங்கவில்லை.

தாங்கள் பணிபுரிவது கணினிச் சாமான் கடையில். அங்கு எவருக்குமா இது தெரியவில்லை?

பரீனா

டோஹா
14.07.2024

பரீனா,

எனக்குத் தெரியும். கையில் எடுத்தபோதே தெரியும். நான் திருப்பி வைத்தது படம் காட்டும் பகுதி உள்ள புரொசெஸர்.

சொல்ல வேண்டுமென்று மூன்று தரம் தொலைபேசியை எடுத்தேன். நான் இங்கு வருவதற்கு முன் கிணற்று மோட்டர் வாங்கிய நாள் உனக்கு நினைவிருக்கும். அது சின்னது, தண்ணீர் ஏற்றாது என்றேன். “ஆராஞ்சு பாத்தது நானா, நீங்களா?” என்று உம்மாவுக்கும் கடைக்காரனுக்கும் முன்னால் கேட்டாய். அதற்குப் பிறகு நான் உன்னிடம் எதையும் மறுத்ததில்லை. ஓம் சொல்வது லேசாகிவிட்டது.

மனேஜர் ஒப்பந்தப் பேப்பரை மேசையில் வைத்திருக்கிறார். என்ன செய்ய என்று நீ எழுதினால் அப்படியே செய்கிறேன்.

ஹமீட்

ஏறாவூர்
19.07.2024

அன்புள்ள உங்களுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு முறை அழித்து எழுதுகிறேன்.

தேனுஜன் எங்கிருந்தோ ஒரு பழைய கார்ட் எடுத்து, இரவலாகத் தந்தார். திரை வந்தது. பக்கங்களை நேற்று மாலை ஒப்படைத்துவிட்டேன். கடைசி ஆறு பக்கங்களை அவசரத்தில் செய்தேன். அவற்றில் பிழை இருக்கக்கூடும். முடிவைத் திங்கட்கிழமை சொல்வார்களாம். நீங்கள் கையெழுத்திட வேண்டியதோ ஞாயிற்றுக்கிழமை. என் கணக்கெல்லாம் ஒரு நாளில் தவறிவிட்டது.

ஒன்றை உங்களுக்கு மறைத்தேன். “ஆர் இத எடுத்த?” என்று தேனுஜன் கேட்டபோது, “என்ட மனுசன்தான், அவருக்கு இதெல்லாம் விளங்காது” என்றேன். உங்கள் கடிதம் வந்த மறுநாள் கல்லடிக்குத் திரும்பிப் போய், தெரிவு என்னுடையது என்று சொன்னேன். “பரவாயில்ல அக்கா, கனபேருக்கு நடக்கிறதுதான்” என்றார். கனபேரில் ஒருத்தியாக இருப்பது எனக்குப் பழக்கமில்லை.

நீங்கள் சொல்லாமல் விட்டது எனக்குப் பயந்தா, வீட்டுக்கு வரப் பயந்தா என்று ஐந்து நாட்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கோபத்தில் கேட்கவில்லை. இரண்டுக்கும் காரணம் நானாக இருக்கலாம்.

கையெழுத்திடுங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் எழுத மாட்டேன். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நீங்கள் வர வேண்டும் என்பது என் விருப்பம். உங்கள் விருப்பம் என்னவென்று எனக்குத் தெரியவில்லை; இத்தனை வருடங்களில் நான் அதைக் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன். எனக்குப் பிடிக்காததாக இருந்தாலும் உள்ளபடி எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன் பதில் வேண்டும். விரைவாக எழுதுங்கள்.

பரீனா