மிதி என்று நான் கத்தினால்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நூல்கண்டு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு சுகமாகத்தான் இருக்கிறோம். அங்கே நீயும் உன் லிஃப்டுகளும் ஏறி இறங்கிச் சுகமாக இருக்க வேண்டும். கையெழுத்து ஏன் கோழி கிளறியதுபோல் இருக்கிறது என்று கேட்பாய். இடது கையால் எழுதுகிறேன். காரணத்தைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். எடுத்தவுடனே சொன்னால் கடிதத்தை மடித்து வைத்துவிடுவாய்.

உன்னோடு லிஃப்ட் கயிறு பார்க்கிற தம்பி லீவு முடிந்து இன்று சாயங்காலம் பஸ் ஏறுகிறான். வெள்ளிக்கிழமைக்குள் இதை உன் கையில் சேர்த்துவிடுவதாக என் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறான். சனிக்கிழமை நீ வண்டி எடுக்கப் போகிறாய். அதற்கு முன்னால் நீ இதைப் படித்தாக வேண்டும்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நீ எங்கே சொல்லவிட்டாய்? உனக்கு எதற்கு அவ்வளவு பெரிய வண்டி என்று நான் ஒரு வார்த்தை கேட்டதற்கு, "முப்பதாவது மாடியில லிஃப்டுப் பெட்டி மேல ஏறி நிக்கிறவளுக்கு, ரெண்டு சக்கரத்து மேல உக்கார பயமா?" என்று கேட்டாய். இனி வண்டியைப் பற்றி வாயைத் திறந்தால் போனை வைத்துவிடுவேன் என்றாய். வைக்கவும் செய்தாய். நேற்று நான் "கியர்" என்று ஆரம்பித்தேன், அந்தச் சொல் முடிவதற்குள் போன் கட். அனுப்பிய மெசேஜ் எதையும் நீ திறந்த பாடில்லை. சொன்ன சொல் தவறாத பெண்டாட்டி வேண்டும் என்று ஒரு காலத்தில் ஆசைப்பட்டேன், அனுபவிக்கிறேன்.

உன்மேல் முழுக்கத் தப்பு சொல்லவும் முடியவில்லை. இந்த ஒரு மாதமாக நான் உன்னைப் பயமுறுத்தாத நாளே இல்லை. பொத்தான் கடைக்காரரின் மச்சானுக்குக் கால் போனது என்றேன். அவருக்கு மச்சானே கிடையாது என்று நீயே கண்டுபிடித்தாய். புலி வருது, புலி வருது என்று கத்தியவன் கதையாகிவிட்டது. இப்போது நிஜமாகவே புலி வந்திருக்கிறது, நம்ப ஆளில்லை. உன் அம்மாகூட, "இத அவகிட்ட சொன்னா, வண்டி வாங்க விடாம செய்ய நீங்க நாடகம் ஆடுறீங்கன்னுதான் நினைப்பா" என்கிறார்கள். அதனால்தான் இந்தக் கவருக்குள் ஒரு துணித்துண்டு வைத்திருக்கிறேன். போன வருஷம் நீ ஊருக்கு வந்தபோது எனக்கு எடுத்துக் கொடுத்த பழுப்புத் துணி. அதில் நான் தைத்துக்கொண்ட பேன்டின் இடது முட்டி அது. ஓரத்தில் இருக்கும் கறை சாயமில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். நீ இரண்டு வண்டிக்கு நடுவில் தவிக்கிறாய் என்று தெரியும். சிவப்பு பெரியது, சாம்பல் நிறம் அதைவிடக் கொஞ்சம் சிறியது. மனசு சிவப்பின் மேல்தான் என்பதும் தெரியும். இரண்டையும் கண்ணால் பார்க்காமல் குற்றம் சொல்லக் கூடாது என்று, வண்டி வாங்கப் போகிறவன் மாதிரி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு இங்கே உள்ள ஷோரூமுக்குப் போனேன். கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கழற்ற மறந்துவிட்டேன். அதுவும் நல்லதுக்குத்தான். உன் பேன்ட் அத்தனையும் தைத்தவன் நான். உன் காலின் உட்பக்க அளவு எனக்கு மனப்பாடம். இரண்டு வண்டியிலும் சீட்டிலிருந்து தரைவரை நாடாவைப் பிடித்துப் பார்த்தேன். டை கட்டிய விற்பனைக்காரர், வண்டிக்கு உறை தைக்கப் போகிறீர்களா என்று கேட்டார்.

சிவப்பில் உட்கார்ந்தால் உனக்குக் கட்டைவிரல்தான் தரையில் படும். சாம்பலில் குதிகால் லேசாகத் தூக்கியிருக்கும், ஆனால் முன்பாதம் நன்றாக ஊன்றும். சிக்னலில் நிற்கும்போது, சரளையில் வண்டியைத் திருப்பும்போது, அந்தப் பாதம்தான் உன்னைக் காப்பாற்றும். சிவப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் நிமிர்த்த இரண்டு ஆள் வேண்டும். நீ தனியாகப் போகிற ரோட்டில் அந்த இரண்டாவது ஆளுக்கு எங்கே போவாய்?

இவ்வளவோடு திரும்பி வந்திருக்கலாம். எனக்குத்தான் நாக்கு நீளமாயிற்றே. ஓட்டிப் பார்க்கிறீர்களா என்று கேட்டவரிடம், எங்கள் தெருவுக்கே வண்டி சொல்லிக்கொடுத்தவன் நான் என்றேன். சிவப்பையே வெளியே எடுத்தார்கள். "அண்ணே, கியர் ஒண்ணு கீழ, மத்ததெல்லாம் மேல. நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க" என்று அந்த மனிதர் இரண்டு தடவை சொன்னார். எனக்குத் தெரியாதா என்று தலையாட்டினேன். தலைக்குத் தெரிந்தது. காலுக்குத் தெரியவில்லை.

நம் வண்டியை நினைத்துப் பார். நான்கு கியரும் கீழேதான். முன்பக்கம் மிதித்தால் ஏறும், குறைக்க வேண்டுமென்றால் குதிகாலால் பின்பக்கம் ஒரு மிதி. பதினைந்து வருஷமாக என் இடது கால் வேறொன்றும் அறியாது. மெயின் ரோட்டுக்கு வரும்வரை நினைத்து நினைத்து மேலே தூக்கினேன், ஒழுங்காகத்தான் போனது. முன்னால் ஒரு தண்ணீர் லாரி. அதை முந்தலாம் என்று முறுக்கினேன். இன்ஜின் அலறியது. அடுத்த கியர் போட வேண்டும் என்று மனசு சொன்னது, கால் பழக்கத்தில் கீழே ஓங்கி மிதித்துவிட்டது. அவ்வளவு வேகத்தில் அது சின்ன கியருக்கு இறங்கினால் என்ன ஆகும்? பின்சக்கரம் இழுத்துப் பிடித்துக்கொண்டது. வண்டியின் பின்பாகம் ஒரு பக்கமாக வீசியது. அதற்குப் பிறகு தார் ரோடு என் முகத்துக்கு நேரே இருந்தது.

பின்னால் வந்த வேன்காரர் புண்ணியவான். பிரேக் பிடித்துவிட்டார். நான் கண்ணைத் திறந்தபோது வேனின் நம்பர் பலகையைத் தாங்கியிருந்த திருகாணி என் நெற்றிக்கு மேலே தெரிந்தது. அதைப் பார்த்ததும் நான் என்னை நினைக்கவில்லை. உன் காலை நினைத்தேன். 

ஏனென்றால் அது நான் பழக்கிய கால். மில்லுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் நீ ஓட்ட, நான் பின்னால் ஓடிவந்து கத்தியது ஒரே சொல்தான், "மிதி!" வண்டி அலறினால் மிதி, வேகம் வேண்டுமா மிதி. அப்புறம் நீ அங்கே போய் ஓட்டியதெல்லாம் கியர் இல்லாத ஸ்கூட்டர். ஆக, கியர் என்று உன் காலுக்குத் தெரிந்தது நம் வீட்டு வண்டி மட்டும்தான். சனிக்கிழமை அந்தக் காலோடுதான் நீ பெரிய வண்டியில் ஏறப் போகிறாய். இந்த நினைப்பு வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டிருக்கிறது. மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். கத்தரி பிடிக்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும், கடையைக் காலர் தைக்கிற அக்கா பார்த்துக்கொள்கிறார்கள். முட்டியில் சிராய்ப்பு, அதுதான் அந்தத் துணி. மற்றபடி ஒன்றுமில்லை. லீவு போட்டுவிட்டு ஓடிவராதே. உன் அம்மா ஊட்டிவிடுகிறேன் என்று கிளம்பியதுதான் உண்மையான விபத்து, அதையும் சமாளித்துவிட்டேன்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, வண்டியே வேண்டாம் என்று முடிக்கத்தான் நேற்றுவரை நினைத்திருந்தேன். கயிற்றுத் தம்பி என்னைப் பார்க்க வந்தான். என் கட்டைப் பார்த்து மனசு இளகி, நீ சொல்ல வேண்டாம் என்று சொன்னதையும் சொல்லிவிட்டான். உன்னை நெடுஞ்சாலைப் பக்கத்துக் கட்டடங்களுக்கு மாற்றிவிட்டார்களாமே. வேலை முடிவதற்குள் கடைசி பஸ் போய்விடுகிறதாமே. ஒருநாள் இருட்டில் ரோட்டோரம் நின்று கைகாட்டி, யாரோ ஒருவனுடைய லாரியில் ஏறி, பாதி வழியில் குதித்து இறங்கி நடந்தே வந்தாயாமே. நான் பயப்படுவேன் என்று மறைத்தாய். நானும் விழுந்ததை உன் அம்மாவைத் தவிர மற்ற எல்லோரிடமும் படிக்கட்டில் வழுக்கியது என்றுதான் சொன்னேன். சரிக்குச் சரி. ஆனால் உனக்கு எதற்குப் பெரிய வண்டி என்று கேட்டேனே, அந்தக் கேள்வியை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அந்த ரோட்டில் இன்னொரு நாள் நீ கைகாட்டி நிற்க வேண்டாம். வண்டி எடு.

சாம்பலை எடு. சிவப்பு அழகுதான், நானே பார்த்தேனே, விழுந்து கிடந்தபோதும் அழகாகத்தான் இருந்தது. இன்னும் ஒரு வருஷம் ஓட்டிவிட்டு அதை எடு, நான் குறுக்கே நிற்கவில்லை. ஒருவேளை பிடிவாதமாகச் சிவப்பையே எடுத்தாலும் சரி, எடுத்த அன்றே நெடுஞ்சாலைக்குப் போகாதே. உன் ஹாஸ்டலுக்குப் பின்னால் காலி வாகன நிறுத்துமிடம் இருக்கிறது என்பாயே, அங்கே சுற்று. யோசிக்காமல் கால் தானாக மேலே தூக்கும்வரை சுற்று. அதுவரை கயிற்றுத் தம்பி உன்னைத் தன் வண்டியில் கூட்டிப்போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறான். அவனிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, வீட்டில் தங்கச்சி இருக்கிற பிள்ளை அவன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தம்பி வாசலில் நிற்கிறான், உன் அம்மா அவன் பையில் எதையோ திணித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குக் கை வலிக்கிறது. இன்னும் ஒன்றுதான்.

எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது, அதை மறைக்கத் தெம்பில்லை. நல்லபடியாகப் போய் நல்லபடியாக வா. என்றைக்காவது லாரிகளுக்கு நடுவில் இன்ஜின் அலறும்போது, உன் காதுக்குள் என் குரல் "மிதி, மிதி" என்று கத்தும். கட்டாயம் கத்தும், அந்த மைதானத்தில் அத்தனை கத்து கத்தியிருக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதையும் நீ கேட்டதில்லை. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இதையும் கேட்காதே. தூக்கு.

இப்படிக்கு,
உன் பேச்சைத் தட்டாத,
நூல்கண்டு