தெல்தெனிய ஓடையின் மருதமரங்கள்

இன்று காலை மருமகள் தரையைத் துடைத்தபோது வீடெல்லாம் ஒரு வாசனை. கடையில் வாங்கிய ஏதோ திரவம். "பைன் வாசம் மாமா, நல்லா இருக்கோ?" என்றாள். தலையாட்டினேன். அந்த மணத்துக்கு மூக்கைச் சுளித்துக்கொண்டு மலைநாட்டுத் தெல்தெனியச் சரிவில் நீங்கள் நின்றது நினைவுக்கு வந்தது.

அங்கே நான் வனக் கந்தோரின் வெளிக்கள உத்தியோகத்தர். நீங்கள் நாற்றுமேடைத் தொழிலாளி. ஒரே வயது, ஆனாலும் என்னை "ஐயா" என்றுதான் அழைப்பீர்கள். சரிவு முழுக்கப் பைன் நட வேண்டுமென்று மேலிடத்து உத்தரவு. "இந்த மரத்துக்குக் கீழ ஒரு புல்லு மொளைக்குதா பாருங்க. அப்புறம் ஓடையில தண்ணி எப்படி நிக்கும்?" என்று கேட்டீர்கள். உத்தரவை மீற எனக்குத் துணிவு இல்லை.

அடுத்த ஞாயிறு மகாவலிக் கரையில் உதிர்ந்து கிடந்த மருதங்கொட்டைகளைச் சாக்கில் பொறுக்கி வந்து, பழைய பால்மாப் பைகளில் விதைத்தீர்கள். பிறகு நாவலும் புங்கும் சேர்ந்தன. நான் கண்டும் காணாததுபோல் இருந்தேன். மழை தொடங்கியதும் நீங்களும் உங்கள் மனைவியுமாக ஓடையின் இரு கரையிலும் நட்டு முடித்தீர்கள்.

தமிழருக்கு எதிரான கலவரம் வந்தபோது கன்றுகள் முழங்கால் உயரம். நீங்கள் இருந்த லயத்து வீடுகளை எரித்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்து முகாமில் கைக்குழந்தையோடு இருந்த உங்களைப் பார்க்க வந்தேன். "வவுனியா பக்கம் போறோம் ஐயா. காடு வெட்டிப் பொழைச்சுக்கலாமுன்னு சொல்றாங்க," என்றீர்கள். குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு, "கன்னுகள மாடு கடிக்காம பாத்துக்கங்க." முள்வேலி அடைத்தேன். அதை மட்டும் ஒழுங்காகச் செய்தேன்.

சில வருடங்களில் உங்கள் கடிதம் வந்தது. 'இங்கயும் ஒரு ஓடை இருக்கு, பங்குனியிலயே வத்திப்போகுது. ஆத்துப் பக்கம் மருது நிக்குது, ஆமிக்காரங்க போகவிட மாட்டாங்க. கொஞ்சம் கொட்டை அனுப்புங்க.'

நானே மகாவலிக் கரைக்குப் போய்ப் பொறுக்கினேன். பொதி கட்டி, விலாசமும் எழுதினேன். வடக்கே சண்டை தொடங்கியிருந்த காலம்; தபாற்கந்தோர் வாசலில் பொலிஸ்காரர் இருவர் பொதிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். என் சட்டைப்பையில் யாழ்ப்பாணத்து அடையாள அட்டை; சந்தேகப்பட அதுவே போதும். வவுனியாவில் யார், இது என்ன விதை என்று கேட்டால்? திரும்பி நடந்தேன். பிறகு அனுப்பலாமென்று அலுமாரியில் வைத்தேன். வண்டு அரித்துவிட்டது. கடிதத்துக்குப் பதிலும் எழுதவில்லை.

போன மாசியில் உங்கள் மகள் தேடி வந்தாள், முகாமில் கைக்குழந்தையாக இருந்தவள்தான். ஷெல் குண்டு விழுந்து நீங்கள் இறந்துபோனதை அவள் சொல்லித்தான் அறிந்தேன். அப்பா நட்ட மரங்களைப் பார்க்க வேண்டும் என்றாள். கூட்டிப் போனேன். கட்டிப்பிடித்தால் கைக்குள் அடங்காத மருதுகள். அந்த வெயிலிலும் ஓடையில் தண்ணீர் ஓடியது. அவள் காலை நனைத்துக்கொண்டு நெடுநேரம் அழுதாள்.

பிறகு கேட்டாள்: "அப்பா கொட்டை கேட்டு எழுதுனாராமே. தெனமும் தபால்காரரப் பாத்துக்கிட்டே இருப்பாருன்னு அம்மா சொல்லும். அனுப்புனீங்களா ஐயா?"

"அனுப்பினனான் பிள்ளை. வழியில துலைஞ்சிருக்கும்."

"பாவம், நீங்களும் எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீங்க," என்று என் கையை எடுத்துத் தன் இரு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

அன்றைக்குப் பொலிஸ்காரருக்குப் பயந்தேன் என்று மட்டுமாவது உங்களிடம் சொல்லலாம். சண்டை முடிந்து, வாசலில் யாரும் இல்லாத இந்தக் காலத்தில் யாருக்குப் பயந்தேன்? அவள் பிடித்த கை இன்னும் கூசுகிறது.